கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: பிசியோதெரபி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவதை எப்படிக் கற்றுக்கொடுப்பது, எப்படிக் கற்றுக்கொள்வது என்று ஆசிரியர்களும் கேட்கிறார்கள், மாணவர்களும் கேட்கிறார்கள். அதனால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் நான். என் மாணவர்கள் ஸ்பெஷல் டெஸ்ட் (ஒரு குறிப்பிட்ட கோளாறைக் கண்டுபிடிக்கக் கையால் செய்யும் சோதனை) எல்லாவற்றையும் பெயரோடு தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். வார்டில் ஒரு நோயாளி முன்னால் நிறுத்தினால் ஒன்று திகைத்து நிற்கிறார்கள், இல்லையென்றால் தெரிந்த டெஸ்ட் அத்தனையையும் வரிசையாகச் செய்துவிட்டு, என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். எங்கே தப்பு நடக்கிறது?

பதில்: மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாடத்தை நாம் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறோம். ஒரு வாரம் தோள், ஒரு வாரம் முழங்கால் என்று மூட்டு மூட்டாகப் போகிறோம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பெயர், நோயாளி படுக்கும் நிலை, கை வைக்கும் இடம், எது வந்தால் பாசிட்டிவ் என்று நாலு வரி எழுதிப் போடுகிறோம், வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் அதையே திருப்பிக் கேட்கிறோம். இந்த ஆளுக்கு இந்த டெஸ்டை ஏன் செய்கிறாய் என்று கேட்பதில்லை, யாரும் கேட்காத கேள்விக்கு அவர்கள் மட்டும் எப்படிப் பதில் தேடி வைத்திருப்பார்கள்?

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. நோயாளி மேல் கை வைப்பதற்கு முன்னால், அவர் காதில் விழாத இடத்தில் நின்று, மூன்று விஷயத்தை என்னிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதைச் சந்தேகப்படுகிறேன், அந்தச் சந்தேகம் சரியென்றால் என் கைக்கு என்ன தட்டுப்படும், தட்டுப்பட்டாலும் படாவிட்டாலும் அடுத்து நான் செய்யப்போவதில் என்ன மாறும். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்த டெஸ்ட் அன்றைக்கு வேண்டாம். இந்த ஒரு விதியிலேயே தேவையில்லாத டெஸ்டில் பாதி உதிர்ந்துவிடும்.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம். விளையாடும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பியது, உள்ளே 'டப்' என்று ஏதோ விட்ட மாதிரி இருந்தது, ஓரிரு மணி நேரத்திலேயே முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது என்று ஒரு இளைஞர் சொல்கிறார். இதைக் கேட்டதுமே மாணவருக்கு ஏசிஎல் (கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிக்கும் முழங்கால் தசைநார்) ஞாபகம் வர வேண்டும், வந்ததோடு நிற்காமல் ஏன் வந்தது என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம், மறுநாள் மெதுவாக ஏறும் வீக்கம் பெரும்பாலும் வேறு கதை. அப்புறம்தான் டெஸ்ட். லாக்மேன் செய்கிறேன் என்றால், ஏன் ஆன்டீரியர் டிராயர் செய்யவில்லை என்று கேளுங்கள் (இரண்டுமே கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்து ஏசிஎல்லைச் சோதிக்கும் டெஸ்ட்தான்). வீங்கி வலிக்கிற முழங்காலை 90 டிகிரிக்கு மடக்க நோயாளியால் முடியாது, மடக்கினாலும் பின்தொடைத் தசைகள் பயத்தில் இறுகி எலும்பை முன்னால் வரவிடாது, அதனால் அறுந்த ஏசிஎல் கூட நல்லது போல ஏமாற்றும். லாக்மேனில் 20 முதல் 30 டிகிரி மடக்கினால் போதும். இதைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு டெஸ்டின் பெயர் மறந்துபோனாலும் எனக்குக் கவலையில்லை.

லாக்மேனைக் கையில் பிடித்துக்கொடுக்கும்போது கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஒரு கை தொடை எலும்பின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமிருந்து பிடிக்க வேண்டும், மறு கை கெண்டைக்காலின் மேல்பகுதியை உள்பக்கமிருந்து பிடித்து, கட்டைவிரல் டிபியாவின் (கீழ்க்கால் எலும்பின்) முன் மேட்டுக்குப் பக்கத்தில் படிய வேண்டும். சின்னக் கை உள்ள மாணவிக்குக் கனமான தொடை பிடிபடாது, பிடிபடாத பதற்றத்தில் விரல் நகம் அழுந்தும், நோயாளி காலை இறுக்கிக்கொள்வார், டெஸ்ட் அங்கேயே முடிந்துபோகும். அவர் தன் முழங்காலைக் கட்டிலில் ஊன்றி அதன் மேல் நோயாளியின் தொடையைச் சாய்த்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் சுருட்டிய துண்டு ஒன்றை அடியில் கொடுங்கள். இழுப்பதற்கு முன் பின்தொடைத் தசை தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல காலில் முதலில் செய்துவிட்டு அடிபட்ட காலுக்கு வரச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதோடு, கடைசியில் 'டக்' என்று நின்றதா, இல்லை பிடிமானமே இல்லாமல் வழவழவென்று போய்க்கொண்டிருந்ததா என்று கேளுங்கள். கைக்குத் தெரிய வேண்டியது அந்த நிறுத்தம்தான்.

செய்து காட்டுவதற்கு ரோட்னி பெய்ட்டன் 1990களில் எழுதிய நாலு படி முறை இன்றைக்கும் நன்றாக உதவுகிறது. முதலில் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது, பிறகு விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது, பிறகு மாணவர் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல நாம் செய்வது, கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. நேரமில்லை என்று நாம் வெட்டுவது எப்போதும் மூன்றாவது படியைத்தான், ஆனால் மாணவரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குக் கேட்கும் ஒரே இடம் அதுதான்.

இன்னொன்று, பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது, நெகட்டிவ் என்றால் இல்லை என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். படுக்கவைத்து காலை நீட்டியபடி தூக்கிப் பார்க்கும் எஸ்எல்ஆர் டெஸ்ட், டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவாகத்தான் வரும், ஆனால் டிஸ்க் பிரச்சினையே இல்லாத பலருக்கும் வரும். அதனால் அது நெகட்டிவாக வந்தால்தான் நமக்குச் செய்தி. வலி இல்லாத காலைத் தூக்கும்போது வலிக்கிற காலில் வலி வந்தால் அதற்கு எடை ரொம்ப அதிகம், ஆனால் அது வராததால் எதையும் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் இதில் எந்தப் பதிலை நம்பலாம் என்று கேட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: மேடம், நான் மூன்றாம் ஆண்டு மாணவி. கேஸ் ஷீட்டில் இருக்கிற கேள்வி எல்லாவற்றையும் விடாமல் கேட்கிறேன். ஆனாலும் சார் வந்து இரண்டு கேள்வி கேட்டதும், என்னிடம் சொல்லாத எதையோ நோயாளி அவரிடம் சொல்லிவிடுகிறார். என்னிடம் மட்டும் ஏன் சொல்வதில்லை?

பதில்: அவர் உங்களிடமும் சொல்ல வந்திருப்பார், நீங்கள் அடுத்த கட்டத்தை நிரப்பப் போயிருப்பீர்கள். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1984இல் பெக்மேனும் ஃபிராங்கலும் மருத்துவர்களின் உரையாடல்களைப் பதிவுசெய்து பார்த்தபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே பேசியிருந்தார். அவர்கள் மருத்துவர்கள், நீங்களோ மதிப்பெண் பயத்தோடு உட்கார்ந்திருக்கும் மாணவி.

அடுத்த நோயாளியிடம் இப்படிச் செய்து பாருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'என்ன தொந்தரவு, முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டு, அவராக நிறுத்தும் வரைக்கும் தலையசைப்பதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள். நிறுத்திய பிறகும் 'வேறு ஏதாவது?' என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கு வரும் பதிலைக் கவனியுங்கள், சாருக்குக் கிடைப்பதில் பாதி அங்கேதான் இருக்கும்.

அதற்கப்புறம் வலி உள்ள இடங்களைக் குறிக்கும் உடல் வரைபடம். வலி எங்கே என்று வாயால் சொல்லவிடாமல் கையால் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுகிறாரா, உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவுகிறாரா என்பதே ஒரு கண்டுபிடிப்பு. எங்கே வலி இல்லை என்பதையும் கேட்டுக் குறியுங்கள், மாணவர்கள் விடுவது பெரும்பாலும் இதைத்தான். முழங்கால் வலி என்று வந்தவரிடம் இடுப்பு மூட்டையும் முதுகையும் கேட்காமல் விட்டால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

பிறகு ஒரு நாளை முழுதாக நடத்திப் பாருங்கள். காலையில் எழுந்ததும் எப்படி, விறைப்பு எவ்வளவு நேரம், மதியம், மாலை, ராத்திரி. காலை விறைப்பு அரை மணி நேரத்தைத் தாண்டி நீடித்தால் வாத அழற்சி ஏதாவது இருக்குமோ என்று யோசிக்க வேண்டும், தேய்மானத்தில் பொதுவாக அதற்குள் விட்டுவிடும். ராத்திரி வலி என்றால் திரும்பிப் படுக்கும்போது வந்து போகிறதா, எப்படிப் படுத்தாலும் விடாமல் இருக்கிறதா என்பது வரை போங்கள்.

வலியைக் கிளப்புவது எவ்வளவு சுலபம், அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கட்டாயம் கேளுங்கள். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் உலகம் முழுக்க நம் துறைக்குப் பழக்கிவிட்ட கேள்வி இது. பத்து நிமிடம் நடந்தால் வலி கிளம்பி, அடங்க இரண்டு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது என்கிறவருக்கு அன்றைக்கு இரண்டு மூன்று அசைவுக்கு மேல் சோதிக்கக் கூடாது. நாள் முழுக்க வேலை செய்தால்தான் வலிக்கும், உட்கார்ந்தால் அஞ்சு நிமிடத்தில் போய்விடும் என்கிறவரை நன்றாக அழுத்தியே பார்க்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் அகப்படாது. அதாவது கை வைக்கும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்று முடிவு செய்வது இந்தப் பேச்சுதான்.

கடைசியாக, இது என்னவாக இருக்கும் என்று அவரையே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே மாதிரி ஆரம்பித்துத்தான் புற்றுநோய் என்று சொன்னார்கள் என்பது போன்ற பயங்கள் அப்போதுதான் வெளியே வரும். அந்தப் பயத்தைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் சொல்லித்தரும் எந்தப் பயிற்சியையும் அவர் வீட்டில் செய்ய மாட்டார்.

கேள்வி: மருத்துவர் பார்த்து, எழுதித்தான் நோயாளி நம்மிடம் வருகிறார். ஆபத்து அறிகுறிகளை மறுபடி தேடுவது நம் வேலையா? மாணவர்களை வீணாகப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது.

பதில்: நம் வேலைதான், சந்தேகமே வேண்டாம். மருத்துவர் பார்த்தது போன வாரமோ போன மாதமோ இருக்கலாம், நோய் அன்றைக்கு இருந்த இடத்திலேயே நிற்பதில்லை. நாம் அவரை வாரத்துக்குப் பல முறை, அதிக நேரம், உடம்பைத் தொட்டுப் பார்க்கிறோம். மாற்றம் முதலில் நம் கண்ணில்தான் படும்.

ஆனால் மாணவர்களுக்கு நாம் பட்டியலைக் கொடுக்கிறோமே தவிர, கேட்கும் விதத்தைக் கொடுப்பதில்லை. இடுப்பு வலியோடு வந்தவரிடம் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு 'யூரின் ப்ராப்ளம் ஏதாவது?' என்று கேட்டால் எவரும் 'இல்லை' என்றுதான் சொல்வார். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கும் காடா ஈக்வைனா நிலையில் நேரம் ரொம்ப முக்கியம், தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம். ஆகவே முதலில், 'இடுப்பு வலி உள்ள எல்லோரிடமும் இதைக் கேட்போம்' என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்து நேராகக் கேட்கப் பழக்குங்கள். சிறுநீர் முட்டுவது முன்பு போலத் தெரிகிறதா, போக ஆரம்பிக்கச் சிரமமாக இருக்கிறதா, தெரியாமல் கசிகிறதா. சைக்கிள் சீட் படும் இடத்தில் மரத்திருக்கிறதா. கழிப்பறையில் கழுவும்போது கை படுவது வழக்கம் போலத் தெரிகிறதா. இரண்டு காலிலும் வலியோ மரப்போ இறங்குகிறதா. தாம்பத்திய உறவில் உணர்ச்சி மாறியிருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இதை வகுப்பில் ஒருவரையொருவர் பார்த்துச் சத்தமாகக் கேட்டுப் பழகட்டும், முதல் நாள் சிரிப்பார்கள், பரவாயில்லை, வாய் பழகிவிடும்.

பயமுறுத்துவது பற்றிச் சொன்னீர்கள், அது நியாயம்தான். ஒரே ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி வலி சாதாரண இடுப்பு வலியிலும் ஏராளம். ஆனால் முன்பு புற்றுநோய் வந்தவர், காரணமில்லாமல் எடை குறைந்தவர், ராத்திரி எப்படிப் படுத்தாலும் வலி விடாதவர் என்று எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கை வைக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இன்னும் இரண்டு உதாரணம் மட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், பாதத்தை மடக்கிப் பார்க்கும் ஹோமன்ஸ் டெஸ்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது, அது ரத்தக்கட்டி இருக்கும்போதும் இல்லையென்று சொல்லும், இல்லாதபோதும் இருக்கிறதென்று சொல்லும். டிபியா மேட்டுக்கு 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதையும் சேர்த்து உடனே தெரிவிக்க வேண்டும், மசாஜ் கூடவே கூடாது. இரண்டாவது, 10 வயதைத் தாண்டிய பிள்ளை நொண்டிக்கொண்டு முழங்கால் வலி என்று வந்து, முழங்காலில் எதுவும் அகப்படவில்லையென்றால், இடுப்பு மூட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அது குறைந்திருந்தால் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம், அந்தக் காலில் நடக்கவிடாமல் உடனே எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மருத்துவமனையில் மாணவர்களை மேற்பார்வை பார்க்கிறேன். போஸ்டிங்கில் ஒரு கும்பல் வருகிறது, வெளியே நோயாளிகள் வரிசை. உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு எங்கே நேரம்?

பதில்: உங்கள் நிலைமை புரிகிறது, யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் தரப்போவதில்லை. இருக்கிற அஞ்சு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

மாணவர் வந்து கேஸ் சொல்கிறார். நமக்குக் கை பரபரக்கும், உடனே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு நொடி பொறுத்து, 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேளுங்கள், 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு பொது விஷயத்தைச் சொல்லிக்கொடுங்கள், சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்லுங்கள், தப்பாகச் செய்ததைத் திருத்துங்கள். 1992இல் நெஹரும் அவருடைய சக ஆசிரியர்களும் குடும்ப மருத்துவப் பயிற்சிக்காக எழுதிய முறை இது, நமக்கும் அப்படியே பொருந்துகிறது. 'நன்றாகச் செய்தாய்' என்பதால் யாருக்கும் எதுவும் புரியாது. 'அவர் முகம் சுளித்ததும் நீ கையை எடுத்தாய் பார், அது சரி' என்றால் அடுத்த தடவையும் எடுப்பார்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. மாணவர் எழுதிய கேஸ் ஷீட்டைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறோம், அவர் நோயாளியைத் தொட்டதை நாம் பார்க்கவே இல்லை. ஷீட்டில் 'ரிஃப்ளெக்ஸ் நார்மல்' என்று இருக்கும். சுத்தியல் எங்கே பட்டது, கால் தளர்ந்திருந்ததா, இரண்டு பக்கமும் ஒப்பிட்டாரா என்று யாருக்குத் தெரியும்? ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடைப் படித்திருப்பீர்கள். தெரிவது, எப்படி என்று தெரிவது, செய்து காட்டுவது, நிஜ வேலையில் செய்வது என்று நாலு அடுக்கு. கேஸ் ஷீட் கீழே உள்ள இரண்டு அடுக்கைத்தான் காட்டும். முழுப் பரிசோதனையையும் பார்க்க நேரமில்லையென்றால் ஒரு துண்டைப் பாருங்கள். இன்றைக்கு இந்த மாணவர் பேசுவதை மட்டும், நாளைக்கு அந்த மாணவர் தோள் அசைவு பார்ப்பதை மட்டும். ஜான் நார்சினி 1995இல் கொண்டுவந்த மினி-சிஇஎக்ஸ் (Mini-CEX) என்ற மதிப்பீடும் இப்படிக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்து உடனே பேசுவதுதான். பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள், நோயாளிக்கு ஆபத்து என்றால் தவிர. மாணவரைத் திருத்துவது திரைக்கு வெளியே.

கேள்வி: ஒரே நோயாளியின் முழங்காலை இரண்டு மாணவர்கள் கோனியோமீட்டரில் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) அளந்தால் இரண்டு விதமாக வருகிறது. யாரை நம்புவது?

பதில்: முதலில் நோயாளி எப்படிப் படுத்திருந்தார் என்று கேளுங்கள். ஒருவர் மல்லாக்கப் படுக்கவைத்தும் இன்னொருவர் குப்புறப் படுக்கவைத்தும் அளந்திருந்தால் சண்டை அங்கேயே தீர்ந்தது. குப்புறப் படுத்தால் முன்தொடையில் இடுப்பையும் முழங்காலையும் தாண்டி ஓடும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் இழுபட்டு மடக்கத்தைக் குறைத்துவிடும். அடுத்து, அவராக மடக்கினாரா, நாம் மடக்கினோமா. இந்த இரண்டையும் எழுதாத அளவுக்கு அர்த்தமே கிடையாது.

அதெல்லாம் ஒன்றாக இருந்தும் வித்தியாசம் வந்தால் எலும்பு அடையாளங்களில் தப்பு இருக்கும். கோனியோமீட்டரின் நடுப்புள்ளி தொடை எலும்பின் வெளிக் குமிழ் மேல், அசையாத கை இடுப்புப் பக்கத்து டிரோகேன்டரை (தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்க மேடு) நோக்கி, அசையும் கை வெளிக் கணுக்காலை நோக்கி. மூன்றையும் விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள், கண்ணைக் கோனியோமீட்டரின் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்படியும் சில டிகிரி வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதனால் அடுத்த வாரம் 5 டிகிரி கூடியிருக்கிறது என்று நோயாளியிடம் சந்தோஷமாகச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முடிந்தவரை ஒரே ஆள் அளப்பது நல்லது.

கேள்வி: முதலாம் ஆண்டு மாணவி. பிராக்டிகலில் ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகச் சொல்கிறார்கள். முதுகைக் காட்டி உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது, முடியாது என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. அதோடு எங்கள் வகுப்பில் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், யாரைச் சோதித்தாலும் நார்மல்தான். இதில் என்ன கற்றுக்கொள்வது?

பதில்: முதல் விஷயம் முதலில். உங்களுக்கு விருப்பமில்லையென்றால் முடியாது என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அதனால் மதிப்பெண் குறையக் கூடாது. இதை ஆண்டின் முதல் பிராக்டிகலிலேயே ஆசிரியர் எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும், ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வந்து கேட்கும்படி வைக்கக் கூடாது. பின்பக்கம் திறக்கும் கவுன், தடுப்புத் திரை, யாரோடு ஜோடி சேர்வது என்பதில் மாணவர் விருப்பம், பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்றதை மூடிவைப்பது, இதெல்லாம் இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். நோயாளியை எப்படி மூடி, அனுமதி கேட்டு, மரியாதையாகத் தொட வேண்டும் என்று மாணவர்கள் கற்றுக்கொள்வதும் இந்த அறையில்தான். இங்கே கேட்காமல் சட்டையைத் தூக்கிப் பழகியவர் வார்டிலும் அப்படித்தான் செய்வார்.

இரண்டாவது விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். நார்மல் என்பது ஒன்று இல்லை, உங்கள் வகுப்பிலேயே எத்தனை விதம் இருக்கிறது என்று பாருங்கள். ஒருத்திக்கு முழங்கை பின்னால் வளையும், இன்னொருவருக்கு நேராகக்கூட வராது, இரண்டு பேருக்கும் நோய் கிடையாது. முழங்கையை நீட்டும்போது கடைசியில் எலும்போடு எலும்பு முட்டுவது போல நிற்கும், முழங்காலை மடக்கும்போது சதையோடு சதை அழுந்தி மெத்தென்று நிற்கும், தோளை வெளிப்பக்கம் திருப்பும்போது தோல் பட்டையை இழுப்பது போல நிற்கும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குக் கை பழகினால்தான், நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே ஒரு மூட்டு நின்றுவிடும்போது ஏதோ சரியில்லை என்று தெரியும்.

நோயுள்ள ஒருவரிடம் பேசிப் பழகுவதற்கு வேறு வழியும் இருக்கிறது. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1960களிலேயே நோயாளியாக நடிக்க ஆட்களைப் பயிற்றுவித்து மாணவர்களைப் பரிசோதிக்க வைத்தார். உங்கள் கல்லூரியில் அது இல்லையென்றால் சீனியர் ஒருவர் நிஜமான ஒரு கேஸின் கதையை எடுத்துக்கொண்டு நடிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை போடும் மதிப்பில் 4க்கும் 5க்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.

பதில்: யாருக்கும் சுலபமாகப் பிடிபடாது. 3 வரைக்கும் புவியீர்ப்புதான் அளவுகோல் (அதை எதிர்த்து அசைக்க முடிந்தால் 3), அதில் குழப்பமில்லை. 4 என்பது நாம் கையால் அழுத்துவதைக் கொஞ்சம் தாங்குவதிலிருந்து கிட்டத்தட்ட முழுசாகத் தாங்குவது வரை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. எப்போதும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள், ஒரே நிலையில், ஒரே இடத்தில் கை வைத்து அழுத்துங்கள், வலியால் விட்டுக்கொடுத்தாரா பலமில்லாமல் விட்டுக்கொடுத்தாரா என்று கேட்டு எழுதுங்கள். வலியோடு வந்த 4ஐ வெறும் 4 என்று எழுதினால் படிப்பவர் நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். கெண்டைத் தசைக்குக் கையால் அழுத்துவது போதாது, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆஸ்கி முறைத் தேர்வு (எல்லா மாணவர்களும் ஒரே ஸ்டேஷன்களை வரிசையாகச் சுற்றி வந்து செய்து காட்டுவது) வந்துவிட்டது. மாணவர்கள் செக்லிஸ்டை மனப்பாடம் செய்துகொண்டு வந்து கொட்டுகிறார்கள். பழைய முறையே தேவலையோ?

பதில்: பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். ரொனால்ட் ஹார்டன் 1975இல் டண்டீயில் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, ஒருவருக்குச் சுலபமான கேஸ், இன்னொருவருக்குக் கஷ்டமான கேஸ், ஒரு தேர்வாளர் கண்டிப்பு, இன்னொருவர் தாராளம் என்று அதிர்ஷ்டத்தில் பாஸ் ஆகிற நிலைமைதான். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம் என்பது நியாயமான ஏற்பாடு.

கோளாறு ஸ்டேஷன்களை எழுதும் விதத்தில் இருக்கிறது. 'கை கழுவினார், பெயர் கேட்டார், லாக்மேன் செய்தார்' என்று டிக் போட்டால் டிக்குக்காகத்தான் செய்வார்கள். ஒரு ஸ்டேஷனில் நோயாளியோடு பேசவிடுங்கள், அடுத்த ஸ்டேஷனில் 'அவருக்கு இரண்டு டெஸ்ட் மட்டும் செய்யலாம், எதைச் செய்வாய், ஏன்?' என்று கேளுங்கள். மூன்றாவது டெஸ்டுக்கு மதிப்பெண் கிடையாது. செக்லிஸ்டோடு சேர்த்து, இந்த மாணவரைத் தனியாக ஒரு நோயாளியிடம் விடலாமா என்று தேர்வாளர் ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பும் போடட்டும். நோயாளியாக நடிப்பவரிடமும் கேளுங்கள், இவர் கையை நம்பி உங்கள் காலைக் கொடுப்பீர்களா என்று.

கேள்வி: ஒரே நோயாளியை மூன்று மாணவர்கள் அடுத்தடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அவர் பாவம் என்று தோன்றுகிறது. இது சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் சரியாகச் செய்ய முடியும். பரிசோதிப்பவர் மாணவர் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எதுவும் குறையாது என்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது நாலு மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கக் கூடாது, சுற்றி நின்றால் யாரால் மறுக்க முடியும்? மூன்று பேர் கற்க வேண்டும் என்றால் ஒருவர் பேசட்டும், ஒருவர் அசைவைப் பார்க்கட்டும், வலியைக் கிளப்பும் டெஸ்டை ஒருவர் மட்டும் ஒரு முறை செய்யட்டும், மற்ற இருவரும் பார்த்து எழுதட்டும். வலி சுலபமாகக் கிளம்பி மெதுவாக அடங்குகிறவர் என்றால் ஒரே மாணவர்தான், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் நின்று. முடிந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள், மறுநாள் காலை மறுபடியும் கேளுங்கள். அப்புறம், அவர் உடம்பில் என்ன கண்டீர்கள் என்பதை அவர் எழுந்து போவதற்கு முன் ஆசிரியர் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரம் காலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாமல் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது.